இடித்தவன் வீரனா?

இரவு நேரம். காவற்காரனைச் சூழ்ச்சியால் அப்புறப்படுத்தியாயிற்று. குறைந்த வருவாயினர் குடியிருக்க அரசு எழுப்பிவந்த அடுக்குமாடி வீடுகள், முடிவடையும் தறுவாயில், ஆளரவமற்று நிற்கின்றன. வெடி வைக்கிறான் ஒருவன். பேரொலி கிளம்புகிறது, சுவர்கள் சரிகின்றன, பல மாத உழைப்பு பாழாகிறது. வெடி வைத்தவன் பகைநாட்டு ஒற்றனோ, பணம் பெற்ற கையாளோ அல்லன். அந்த வீடுகளுக்கு வரைபடம் வகுத்தவனே அவன்! தான் வகுத்த வடிவிலே பிறர் கை வைத்துவிட்டனர், ஆகவே தகர்த்தேன் என்கிறான். வழக்கு மன்றத்திலே நின்று நெடியதோர் சொற்பொழிவும் ஆற்றுகிறான். குற்றவாளியல்லன் என்று தீர்ப்புக் கூறுகின்றனர் ஜூரிகள். படிப்பவர் நெஞ்சிலோ, பாராட்டு பொங்கி வழிகிறது!

அய்ன் ராண்ட் அம்மையார் எழுதி, 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'தி ஃபவுன்டன்ஹெட்' என்னும் புதினத்தின் உச்சக்கட்டம் இது. ஊற்றுக்கண் என்று அத்தலைப்பைத் தமிழாக்கலாம். 1905இல் ருசிய நாட்டுப் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்து, 1926இல் அமெரிக்கா சென்று குடியேறியவர் அம்மையார். பதிப்பகங்கள் பல திருப்பியனுப்பிய நூல், வெளிவந்த பின்னர் இலட்சக்கணக்கில் விற்றது. 1949இல் படமாகவும் வந்தது. திரைக்கதையை அம்மையாரே தீட்ட, கிங் விடோர் இயக்க, கேரி கூப்பர் கதைத் தலைவனாக நடித்தார். எத்தனையோ நாவல்கள் வருகின்றன, போகின்றன. எல்லாவற்றையும் துருவிக்கொண்டிருக்க நமக்கு நேரமேது? இதைத் துருவத்தான் வேண்டும். ஏனெனில் இது ஒரு தொழிலின் நெஞ்சிலே குடிபுகுந்துவிட்ட கதை. கட்டடக்கலை பயிலும் இளைஞரிடையே இன்றும் கைமாறிக்கொண்டிருக்கும் ஏடு. மக்கள் தலைக்கு மேலே கூரை போடுவோரின் தலைக்குள்ளே என்ன இருக்கிறது என்பது, அந்தக் கூரையின் கீழே படுத்துறங்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தியல்லவா!

நூலின் பெருமையை முதலில் ஒப்புக்கொள்வோம். கதைத் தலைவன் பெயர் ஹோவர்டு ரோர்க். கல்லூரியிலே, கிரேக்கர் கோயிலையும் இத்தாலிய மாளிகையையும் பார்த்து வரையச் சொல்கிறார்கள், அவன் வரைய மறுக்கிறான், வெளியேற்றுகிறார்கள். கல்லூரித் தலைவர் அழைத்துப் பழமையின் பெருமையைப் போதிக்கும்போது, பார்த்தினான் கோயிலையே எடுத்து வைத்து வாதாடுகிறான். மரத்துக்கு ஏற்ற வேலைப்பாட்டைப் பளிங்கிலே செதுக்கியதில் என்ன பொருள்? அதை நாம் எஃகிலும் கான்கிரீட்டிலும் மீண்டும் செய்வதில் என்ன பொருள்? ஏன் என்று கேட்பவனை நமக்குப் பிடிக்காமற்போகுமா! வங்கிக்குக் கோயில் முகமும், தொடர்வண்டி நிலையத்துக்கு ரோமானியர் குளியல் மண்டபத்தின் முகமும் ஒட்டவைத்துப் பெருமைப்பட்ட காலம் அது. முகமூடியைக் கிழிக்கிறான் ரோர்க். வேலை கிடைக்காதபோது, கருங்கல் குழியிலே இறங்கிக் கல் உடைக்கிறானே தவிர, பொய்த் தூண் வரைந்து பிழைக்கச் சம்மதிக்கவில்லை. அந்தப் பகுதிகளைப் படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. மறுப்பதற்கில்லை.

நிமிர்ந்த நெஞ்சோடு மேலே படித்தால்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது. பணிய மறுப்பவன், சிறிது சிறிதாகப் பிறரையே மறுப்பவனாகிறான். தன்மானம் என்பது, என்னைப் போலவே எதிரே நிற்பவனுக்கும் மானம் உண்டு என்ற அறிவிலே தொடங்குவது. ரோர்க்கிடம் அந்த இரண்டாம் பாதி இல்லை. வீடு கேட்டு வருபவர் அவனுக்கு ஒரு வாய்ப்பு. மனை ஒரு வாய்ப்பு. கல்லும் மரமும் வாய்ப்பு. எல்லாம் அவன் உள்ளத்திலே உதித்த வடிவம் மண்ணிலே எழுவதற்காக! டொமினிக் என்ற பெண்ணிடம் அவன் நடந்துகொள்ளும் முறையோ, வன்கொடுமை என்ற சொல்லுக்குக் குறைந்த எந்தச் சொல்லாலும் குறிக்கத்தக்கதன்று. அதையும் காதலின் கம்பீரமாகத் தீட்டுகிறது ஒரு பெண்ணின் எழுதுகோல்! இதை விரித்தால் வேறு கட்டுரையாகும். நாம் கட்டடத்துக்கே போவோம்.

இடிக்கப்பட்ட வீடுகளுக்குக் கோர்ட்லண்டு என்று பெயர் சூட்டுகிறார் அம்மையார். குறைந்த செலவில் நிறையப் பேருக்கு வீடு — இதுதான் அரசு வைத்த கணக்கு. கணக்குக்கு விடை காண ரோர்க்குக்கு ஆசை. ஆனால் அவன் பெயரைச் சொன்னால் அரசு வேலை தராது. ஆகவே பீட்டர் கீட்டிங் என்ற சரக்கற்ற நண்பன் பெயரிலே வரைந்து தருகிறான். வரைந்தபடியே, மாற்றமின்றிக் கட்டப்பட வேண்டும் என்று நண்பனிடம் எழுதி வாங்கிக்கொள்கிறான். பிறகு வேறு சிலர் புகுந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றுகின்றனர். கீட்டிங்கால் தடுக்க முடியவில்லை. உடனே வெடி!

வழக்கறிஞர் வேண்டாம், நம்மூர்த் திண்ணையிலே அமர்ந்து பஞ்சாயத்துப் பேசும் பெரியவரே போதும், இந்த வழக்கின் ஓட்டையைக் காட்ட. ஒப்பந்தம் யாருக்கும் யாருக்கும்? ரோர்க்குக்கும் கீட்டிங்குக்கும். கட்டியது யார் பணம்? மக்கள் வரிப்பணம். அந்த மக்களுக்கோ, அவர்கள் பேரால் நடக்கும் அரசுக்கோ, இப்படி ஒருவன் திரைக்குப் பின்னே இருப்பதாவது தெரியுமா? தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவனே அவன்தான். பிறன் பெயரைப் போர்த்துக்கொண்டு பின்வாயில் வழியாக நுழைந்தவன், முன்வாயிலில் நின்று, என் உரிமையைப் பறித்தீர் என்று முழங்குகிறான். பிறர் முகத்தை ஒட்டவைத்துக் கட்டிய வங்கிகளைப் பார்த்து எள்ளி நகையாடியவன், தன் வேலையைப் பிறன் முகத்தை ஒட்டவைத்து விற்றான் என்பதை ஏனோ ஒரு ஜூரியும் கவனிக்கவில்லை!

இன்னொன்றையும் பாருங்கள். கோர்ட்லண்டிலே குடியேறக் காத்திருந்தவர் யார்? எந்தச் சேரியிலிருந்து வரவிருந்தார்கள்? எத்தனை குழந்தைகள் அந்தச் சன்னல் வழியாக ஆற்றைப் பார்த்திருக்கும்? எழுநூறு பக்கத்துக்கு மேல் ஓடும் நூலிலே, அவர்கள் உயிருள்ள மாந்தராக வருவதேயில்லை. ஏழை எளியவர் பேரைச் சொல்பவராக வருபவர் எல்ஸ்வொர்த் டூஹி என்ற எழுத்தாளர். அவரோ வஞ்சகத்தின் வடிவம். பிறர்நலம் பேசுபவன் வஞ்சகன். தன்னலம் பேசுபவன் தூயவன். இடையிலே, வீடின்றித் தவிப்பவனுக்கு இடமில்லை. ஆளில்லாத வீட்டைக் கட்டி, ஆளில்லாத வீட்டை இடித்தால் யாருக்குத்தான் வலிக்கும்? அம்மையாரின் கைத்திறன் இங்கேதான் இருக்கிறது. கைத்திறன் என்றுதான் சொல்கிறேன்.

கற்பனையை விட்டுக் கண்ணெதிர் நடந்த ஒன்றைக் காண்போம். வகுத்த வடிவத்தை அதிகாரிகள் மாற்றினார்கள் என்ற குறை, கட்டுக்கதையன்று. அமெரிக்காவிலே, செயின்ட் லூயி நகரிலே, புரூயிட்–அய்கோ என்ற பொதுக் குடியிருப்பு 1954 முதல் 1956 வரை எழுந்தது. 11 மாடி உயரத்தில் 33 கட்டடங்கள்; 2,870 வீடுகள். வடிவமைத்தவர் மினோரு யமாசாக்கி — பின்னாளில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரத்தை வகுத்தவர். உயரமான கட்டடங்களோடு தாழ்வான வீடுகளையும் கலந்து அமைப்பதே அவர் முதலில் எண்ணியது. செலவு வரம்பைக் காட்டி மறுத்தது நடுவண் அரசின் வீட்டுவசதித் துறை. எல்லாம் ஒரே உயரம் என்றாயிற்று. சரி, குறை முழுவதும் அதிகாரிகளுடையதா? மின்தூக்கி ஒவ்வொரு மாடியிலும் நில்லாமல், 1, 4, 7, 10ஆம் மாடிகளில் மட்டும் நின்றதே, அது யமாசாக்கியின் ஏற்பாடு. 1951இல் கட்டடக்கலை ஏடொன்று அதைப் பெரிதும் புகழ்ந்தது. கைக்குழந்தையும் காய்கறிப் பையுமாகப் படியேறும் தாயிடம் கேட்டுவிட்டுப் புகழ்ந்திருந்தால் தெரிந்திருக்கும்!

அந்தக் குடியிருப்பின் பெயரிலேயே அந்நாட்டின் நோய் எழுதப்பட்டிருந்தது. புரூயிட் என்பது போரில் பறந்த கறுப்பின விமானியின் பெயர். அய்கோ என்பது வெள்ளையரான காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் பெயர். புரூயிட் பகுதி கறுப்பருக்கு, அய்கோ பகுதி வெள்ளையருக்கு என்று பிரித்தே தொடங்கினர். பிரிவினை சட்டப்படி செல்லாதென்றானதும், வெள்ளையர் மெல்ல மெல்ல விலகினர். அங்கே ஊருக்கு வெளியே தெரு ஒதுக்கவில்லை, மாடி ஒதுக்கினார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. பராமரிப்புச் செலவைக் குடியிருப்போரின் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டும் என்று விதி. ஏழைகள் எஞ்ச எஞ்ச, வாடகை வரவு சுருங்கிற்று, மின்தூக்கி நின்றது, குழாய் வெடித்தது, விளக்கு அணைந்தது. 1969இல், அந்நகரின் பொதுக் குடியிருப்பு மக்கள் ஒன்பது மாதம் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினர். வருமானத்தில் கால் பங்குக்கு மேல் வாடகை வாங்கலாகாது என்ற சட்டம், அதே ஆண்டு அமெரிக்காவிலே பிறந்தது. 1972இல் அரசே புரூயிட்–அய்கோவை வெடி வைத்து இடிக்கத் தொடங்கிற்று. 1976க்குள் அனைத்தும் தரைமட்டம்.

ரோர்க் கதை சொல்லும் பாடத்தோடு இதை ஒத்துப் பாருங்கள். இங்கும் வடிவம் மாற்றப்பட்டது. இங்கும் வெடி வைக்கப்பட்டது. ஆனால் நடுவிலே பதினைந்தாண்டு மக்கள் வாழ்ந்தார்கள், வதைபட்டார்கள், வீதிக்கு வந்து போராடினார்கள். கதையிலே விடுபட்டுப்போன பகுதி அதுதான். வரைந்தவனுக்கு நேர்ந்த அவமதிப்பு ஒரு பக்கம். வாழ்ந்தவருக்கு நேர்ந்த அவதி ஆயிரம் பக்கம். கட்டடக் கலைஞன் அதிகாரியை எதிர்க்கத்தான் வேண்டும். எதற்காக? என் கோடு வளைந்துவிட்டது என்பதற்காக மட்டுமா?

ரோர்க்கை எதிர்ப்பவர் பலர் இன்னொரு தவறு செய்கின்றனர். ஒருவன் 'நான், நான்' என்று கூவுவதுதான் நோய். பலர் சேர்ந்து குழுவாகச் செய்தால் நோய் தீரும் என்கின்றனர். லண்டன் மாநகரின் கிரென்ஃபெல் கோபுரத்தைப் பார்த்தால் அந்த ஆறுதலும் கரிந்துபோகும். 24 மாடிக் குடியிருப்பு. 1974இல் கட்டி முடிந்தது. நகராட்சிக்குச் சொந்தம். பல நாட்டு மக்கள், பெரும்பாலும் எளியவர், அங்கே வாழ்ந்தனர். புதுப்பிக்கிறோம் என்று சொல்லி வெளிச்சுவருக்கு மேலாடை போர்த்தினர். 2016இல் வேலை முடிந்தது. செலவைக் குறைப்பதற்காகத் துத்தநாகத் தகட்டை விட்டு, இரு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பாலிஎதிலீன் வைத்த பலகையைத் தேர்ந்தெடுத்தனர். 2017 ஜூன் 14 அன்று, நான்காம் மாடி வீடொன்றின் குளிர்ப்பெட்டியிலே பற்றிய நெருப்பு, அந்த மேலாடையிலே தாவி உச்சிவரை ஏறியது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொல்லப்பட்டதை நம்பி இருந்தவர் பலர். மாண்டோர் 72 பேர்.

விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வெளிவந்தது. பொருளை விற்றவர்கள் உண்மையை மறைத்தனர் என்று கூறிற்று. அரசையும் நகராட்சியையும் சாடிற்று. வடிவமைத்த ஸ்டூடியோ ஈ என்னும் நிறுவனத்துக்கும் பெரும் பங்கு பொறுப்புண்டு என்று உரைத்தது. உயரமான குடியிருப்புக்கு மேலாடை போர்த்திய அனுபவமே அந்நிறுவனத்துக்கு இல்லை. தான் வரைபடத்தில் குறித்த பொருள் எரியுமா, எரியாதா என்று அது உறுதி செய்துகொள்ளவில்லை. விசாரணையில் ஒவ்வொருவரும் சொன்னது ஒன்றே: அது எங்கள் வேலை என்று நாங்கள் எண்ணவில்லை, பக்கத்திலிருப்பவர் பார்த்துக்கொள்வார் என்றிருந்தோம். ரோர்க், என் பெயர் என் பெயர் என்றான். இவர்கள், என் பெயரைச் சொல்லாதீர் என்றனர். கோபுரத்திலே வாழ்ந்தவர்களோ, எங்கள் வீட்டில் ஆபத்திருக்கிறது என்று தீ பிடிப்பதற்கு முன்பே எழுதி வைத்திருந்தனர். கேட்டவர் யார்?

கட்டியவன் பொறுப்பு என்பது புதிய எண்ணமன்று. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன்பு பாபிலோனை ஆண்ட அமுராபியின் சட்டத்திலேயே உண்டு. வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால், கட்டியவனுக்குக் கொலைத்தண்டனை. இதைக் கட்டடத் தொழிலாரின் கூட்டங்களிலே பெருமையோடு எடுத்துச் சொல்வார்கள். அதைத் தொடர்ந்து வரும் விதியொன்றைச் சொல்வார்களா? வீட்டுக்காரனின் அடிமை செத்தால், ஈடாக ஓர் அடிமையைக் கொடுத்தால் போதும்! உயிருக்கு ஈடு கேட்ட சட்டமும், யாருடைய உயிர் என்று பார்த்துத்தான் கேட்டது. மனுவின் வாடை யூப்ரடீஸ் ஆற்றுக்கு அப்பாலும் இப்பாலும் வீசியிருக்கிறது போலும்.

அந்த வாடை நம் சென்னையிலும் வீசிற்று. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மடிந்தனர். பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வயிற்றுப்பாட்டுக்காக வந்த கட்டடத் தொழிலாளர்கள். தாம் கட்டிய வீட்டிலே ஒரு நாளும் குடியிருக்கப் போகாதவர்கள், அதன் கீழே புதையுண்டனர். மழை பெய்ததாம், மின்னல் வெட்டியதாம் — இப்படியெல்லாம் பேசப்பட்டது. சென்னையிலே மழை பெய்வதும் மின்னல் வெட்டுவதும் அதுதான் முதல் தடவையோ! பக்கத்திலே நின்ற இணைக் கட்டடத்தை, ஆபத்தானதென்று முடிவு கட்டி, 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தது அரசு. அண்டை வீடுகளிலிருந்து மக்களை வெளியேற்றி, பகிரங்கமாக, பார்வையாளர் கூட்டத்தின் எதிரே நடந்தது. வெடியென்றால் அதற்கும் ஒரு நேர்மையான வேளை உண்டு என்று நான் அறிந்தது அன்று.

இவ்வளவு பொறுப்பையும் ஒரு தொழிலின் தலையிலே ஏற்றுகிறோமே, அந்தத் தலை எப்படி இருக்கிறது? கட்டடக் கலைஞர் என்றதும், கண்ணாடி மாளிகையிலே கறுப்புச் சட்டையும் வட்டக் கண்ணாடியுமாக அமர்ந்திருக்கும் சீமானை நினைக்கிறோம். ஆயிரத்தில் ஒருவர் அப்படி. மற்றவர் சம்பளத்துக்கு வரைபவர். நம் நாட்டிலே அய்ந்தாண்டுப் பட்டப் படிப்பு. முடித்து வந்தால், கதவுக்கும் கழிவறைக்கும் அளவு போட்டு, இரவெல்லாம் கணினி முன்னே விழித்திருக்கும் வேலை. விழித்திருப்பதற்கு ஒரு செல்லப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள், 'ஷாரெட்' என்று. பிரெஞ்சிலே வண்டி என்று பொருள். பாரிஸ் கலைக் கல்லூரியிலே மாணவர் வரைபடங்களைத் திரட்ட வண்டி வருமாம். முடிக்காதவன் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து வரைந்துகொண்டே போவானாம். நுகத்தடிக்குப் பொன்முலாம் பூசுவதென்றால் இதுதான்!

2019இல், லண்டன் சர்ப்பன்டைன் கலைக்கூடத்தின் கோடைப் பந்தலை வடிவமைக்க அழைக்கப்பட்ட ஜப்பானியக் கலைஞரின் அலுவலகம், பயிற்சிக்கு வரும் இளைஞருக்கு ஊதியம் தருவதில்லை என்ற செய்தி வெடித்தது. வாரம் ஆறு நாள், காலை முதல் நள்ளிரவு வரை வேலை. கணினியும் அவர்களே கொண்டுவர வேண்டும். கண்டனம் கிளம்பியதும், பந்தல் வேலை செய்யும் எல்லோருக்கும் ஊதியம் தரவேண்டும் என்று கலைக்கூடம் சொல்ல நேர்ந்தது. அதே ஆண்டு பிரிட்டனிலே கட்டடக்கலைத் தொழிலாளருக்கென்று ஒரு சங்கப் பிரிவு தோன்றியது. நியூயார்க்கில் 2021 டிசம்பரில் ஷாப் என்ற பெரிய நிறுவனத்தின் ஊழியர் சங்கம் அமைக்க மனுச் செய்து, இரண்டே மாதத்தில் பின்வாங்கினர். 2022 செப்டம்பரில் பெர்ன்ஹைமர் என்ற சிறிய நிறுவனம் தானே முன்வந்து தன் ஊழியர் சங்கத்தை ஏற்றது. சிறியவருக்கிருந்த மனம் பெரியவருக்கு இல்லை. புதுமையுமில்லை.

இது அம்மையாருக்குத் தெரியாததா? 1937இல், புதினத்துக்குத் தகவல் திரட்டவேண்டி, நியூயார்க்கின் ஈலை ஜாக் கான் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்திலே சில மாதம் தட்டச்சராக, ஊதியமின்றி வேலை பார்த்தார் அவர். நான்காண்டு முன்னதாக, 1933இல், வரைவாளர்களும் பொறியாளர்களும் வேதியியலாரும் சேர்ந்து அந்த நாட்டிலே ஒரு சம்மேளனம் அமைத்து, கூலி உயர்வு கேட்டுக்கொண்டிருந்தனர். பொருளாதார வீழ்ச்சியிலே வரைபலகையை இழந்து நின்றவர் ஏராளம். அந்த அலுவலகத்திலே உட்கார்ந்து, அந்த ஆண்டுகளிலே, கண் திறந்து பார்த்த எழுத்தாளருக்கு எத்தனை உயிர்ப்பான மாந்தர் கிடைத்திருப்பர்! அவருக்குக் கிடைத்தவன் ஒருவன். மேதை. தனியன். மற்றவரெல்லாம் அவன் மேதைமையைக் கண்டு வியப்பவர் அல்லது வெறுப்பவர். ரோர்க்குக்கு மைக் என்ற மின்பணியாளன் நண்பனாக வருகிறான் என்பதை மறைக்கமாட்டேன்; நல்ல பாத்திரம். அவனும் ரோர்க்கை மெச்சுவதற்கே வருகிறான்.

ஒரே மேதை என்ற இந்தப் புராணம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1991இல் பிரிட்ஸ்கர் விருதை ராபர்ட் வென்டூரி ஒருவருக்கே கொடுத்தனர். அவரோடு தொழிலிலும் வாழ்விலும் இணையாக நின்ற டெனிஸ் ஸ்காட் பிரவுன் அம்மையாரை விட்டுவிட்டனர். 2013இல், திருத்துங்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டுக் கேட்டனர். நடுவர் குழு மறுத்துவிட்டது. ஒரு சிலைக்கு ஒரு பீடம். பெண்ணுக்கு அதில் இடமில்லை!

ஊதியமும் உறக்கமும் இல்லாத இளைஞன், இந்தப் பொருள் எரியும் அய்யா என்று முதலாளியிடம் சொல்வானா? சொல்லலாம், மறுநாள் வேலை இருக்காது. சமுதாயப் பொறுப்பு என்று மேடையிலே பேசுவோர், அந்தப் பொறுப்பைச் சுமக்க வேண்டிய தோளுக்குச் சோறு போடுவது பற்றியும் பேசட்டும். ரோர்க்கைப் போல் வேலையை உதறிவிட்டுக் கல்லுடைக்கப் போகலாமே என்பார் சிலர். கல்லுடைப்பவன் என்ன, உதறிவிட்டு எங்கே போவான்?

பணியாமலும், பிறரை மறக்காமலும் இத்தொழிலைச் செய்தவர் உண்டா என்றால், உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காமிலே 1917இல் பிறந்து, 1945இல் இந்தியா வந்து, தொழுநோயாளருக்கான கட்டடங்களில் தொடங்கி, திருவனந்தபுரத்திலே நிலைத்து, 2007இல் மறைந்த லாரி பேக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ரோர்க்கைப்போலவே பிடிவாதக்காரர். பூச்சு வேண்டாம், பகட்டு வேண்டாம் என்பார். ஆனால் பிடிவாதம் யாருக்காக? செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவிலே வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டு முறையால், கால் பங்கு செங்கல் மிச்சம். வெற்றிடக் காற்று வெயிலைத் தடுக்கும். மனையிலே நின்று, கொத்தனாரோடு பேசி, கையில் கிடைத்த தாளிலே கோடு போட்டுத் தருவார். கட்டும்போதே வடிவம் மாறும். ஆம், மாறும்! மரம் குறுக்கிட்டால் சுவர் வளையும். மாற்றியவன் மேல் வெடி வீசவில்லை அவர். மாற்றுவதுதான் அவர் வேலை செய்த முறை.

எகிப்திய நாட்டு ஹசன் ஃபத்தியின் கதை இன்னும் சிக்கலானது. 1945இல், லக்சர் நகருக்கு அருகே, பழைய மன்னர்களின் கல்லறைகளுக்கு மேலே குடியிருந்த குர்னா ஊராரைச் சமவெளிக்கு மாற்ற அரசு முடிவு செய்தது. கல்லறைப் பொருள்களை எடுத்து விற்பது அவர்களிற் பலருக்குப் பிழைப்பு. புதிய ஊரை வகுக்கும் வேலை ஃபத்தியிடம் வந்தது. இரும்பும் சிமெண்டும் ஏழைக்கு எட்டா. மண்தான் எட்டும் என்று, நூபியக் கொத்தனார்களை வரவழைத்து, சாரமின்றி எழும்பும் மண்செங்கல் வளைவுகளால் அழகான ஊரொன்றை எழுப்பத் தொடங்கினார். மசூதி, சந்தை, பள்ளி, அரங்கம் எல்லாம் உண்டு. ஒவ்வொரு குடும்பத்தின் தேவையையும் கேட்டறிந்து வீடு வகுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இருந்தும் ஊரார் வர மறுத்தனர். குவிமாடம் எங்கள் ஊரிலே செத்தவனுக்கல்லவா கட்டுவது என்று முகம் சுளித்தனராம். அதைவிடப் பெரிய காரணம் பிழைப்பு. திட்டம் பாதியிலே நின்றது. வீடு எப்படி வேண்டும் என்று கலைஞர் கேட்டார். போக விருப்பமா என்று அரசு கேட்கவேயில்லை. பின்னாளில் தம் வாழ்வின் இந்தத் தோல்வியைத் தாமே நூலாக எழுதினார் ஃபத்தி. 1973இல் சிகாகோவில் 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' என்ற பொருள்படும் பெயரோடு அது மறுபதிப்பாயிற்று. ரோர்க்கின் கதையைப் படித்த இளைஞர் இதையும் ஒருமுறை படித்தல் நலம். இங்கே வீடு கட்டியவன் பேசுகிறான். குடியேற மறுத்தவனும் பேசுகிறான்.

மீண்டும் வழக்கு மன்றம். அம்மையார் கடைசியாக வைத்த சாட்சிகளை மறந்துவிடக் கூடாது. பன்னிரண்டு ஜூரிகளையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியெடுக்கிறான் ரோர்க். தொழில் நிறுவன அலுவலர் இருவர், பொறியாளர் இருவர், கணித அறிஞர் ஒருவர், லாரி ஓட்டுநர் ஒருவர், மின்பணியாளர் ஒருவர், தோட்டக்காரர் ஒருவர், ஆலைத் தொழிலாளர் மூவர். மீதி ஒருவர் கொத்தனார். நாட்கூலிக்குச் செங்கல் அடுக்கும் மனிதர். கோர்ட்லண்டின் சுவர்களை எழுப்பியவை அவருடையவை போன்ற கைகளே. பக்கம் பக்கமாக ரோர்க் பேசுகிறான்: ஆக்குபவன் பெருமை, ஆக்குபவன் உரிமை, ஆக்கியதை அழிக்கும் உரிமை! கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் கொத்தனார். ஜூரிகள் உள்ளே போகிறார்கள், திரும்பி வருகிறார்கள், குற்றவாளியல்லன் என்கிறார்கள். உள்ளே இருந்த நேரத்தில் அந்தக் கொத்தனார் என்ன சொன்னார் என்பதை அம்மையார் எழுதவில்லை.